கவனிக்கப்படாத நடன இசையைத் தேடுவதும் பரிந்துரைப்பதும்: சென்னையில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டிரம் அண்ட் பேஸ் எனப் பல கிளைகளாக விரிந்து கிடக்கும் மின்னணு நடன இசைக்குச் சென்னையில் ரசிகர்கள் குறைவில்லை. ஆனால் இங்கே காதுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் பெரிய மேடைகளில் ஒலித்துப் புகழ்பெற்ற டிராக்குகள் மட்டுமே. நகரின் நடனத்தளங்களில் பலவும் நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருப்பவை. பலதரப்பட்ட கூட்டம் வரும் அந்த இடங்களில், எல்லோருக்கும் தெரிந்ததைப் போடுவதுதான் டிஜேவுக்குப் பாதுகாப்பானது. கல்லூரி விழாக்களில் மின்னணு நடன இசைக்கெனத் தனி இரவு ஒதுக்கப்படும்போதும், பெரிய திறந்தவெளிக் கூட்டத்தை விடாமல் ஆடவைக்க வேண்டிய கட்டாயத்தால் அந்த மேடைகளும் இதே வழியில்தான் செல்கின்றன.

ஆகவே, பெயர் தெரியாத ஒரு கலைஞரின் நல்ல டிராக் இந்நகரில் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போய்ச் சேர வேண்டுமானால், யாரோ ஒருவர் அதைத் தேடிக் கண்டறிந்து, முழுமையாகக் கேட்டு, இன்னாருக்கு இது பிடிக்கும் என்று தெரிந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய முன்வரும் புதியவருக்காகவே இந்தக் கட்டுரை. இதற்கு இசைப் பயிற்சியோ டிஜே கருவிகளோ தேவையில்லை. பொறுமையும், கேட்டதைக் குறித்துவைக்கும் பழக்கமும் போதும். இணைப்புகளை அள்ளி அனுப்புவதற்கும் பரிந்துரைப்பதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கேட்கும் கருவியைச் சரிசெய்யுங்கள்

நடன இசையின் உயிர் அதன் அடியொலியில் இருக்கிறது. கிக் டிரம்மின் (தாளத்தைத் தாங்கும் கனத்த முரசொலி) அடிநாதம் பொதுவாக 50 முதல் 60 ஹெர்ட்ஸ் அளவில் அமைகிறது; சப்-பேஸ் எனப்படும் மிகத் தாழ்ந்த ஒலி அதற்கும் கீழே இறங்கும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் இந்த எல்லையில் ஏறக்குறைய எதையும் எழுப்ப முடியாது. கைப்பேசியில் நேரடியாகக் கேட்டுவிட்டு ஒரு டிராக்கை நல்லது என்றோ வெறுமையானது என்றோ தீர்ப்பளிப்பவர், அந்த டிராக்கின் பாதியைக் கேட்காமலேயே பேசுகிறார். விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ரிச்சி தெருவில் கிடைக்கும் கம்பி இணைப்புள்ள, காதை முழுவதும் மூடும் நடுத்தர விலை ஹெட்போன் ஒன்று போதும். போலிகள் கலந்திருக்கும் என்பதால், வாங்குவதற்கு முன் உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு டிராக்கைக் கடையிலேயே ஒலிக்கவிட்டுக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கேட்கும் இடமும் முக்கியம். மெட்ரோ ரயிலின் இரைச்சலும் மாநகரப் பேருந்தின் இன்ஜின் முழக்கமும் தாழ்ந்த அதிர்வெண்களிலேயே மிகுந்திருப்பதால், அவை இசையின் அடியொலியை மறைத்துவிடும். அதை ஈடுசெய்ய நாம் ஒலியளவைக் கூட்டுவோம், காது களைத்துப்போகும். பயணத்தில் தேடலாம், குறித்துவைக்கலாம். முடிவெடுப்பதை மட்டும் வீட்டுக்கு வந்து அமைதியான அறையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பாதுகாப்பு எல்லை. ஒலியளவு கூடக்கூட அந்த நேரம் விரைவாகச் சுருங்கும். தினமும் தேடிக் கேட்கப்போகிறவருக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி அல்ல.

எண்ணிக் கேட்கப் பழகுங்கள்

ஹவுஸ், டெக்னோ வகை டிராக்குகள் நான்கு அடிகள் கொண்ட அளவுகளாக நகர்கின்றன. ஒவ்வோர் அடியிலும் கிக் விழும். இவற்றின் தொடக்கம் நீளமாகவும் வெறுமையாகவும் இருப்பதற்குக் காரணம், டிஜே ஒருவர் ஓடிக்கொண்டிருக்கும் டிராக்கின் முடிவையும் புதிய டிராக்கின் தொடக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக இழைக்க இடம் வேண்டும் என்பதே. கணக்கிட்டுப் பாருங்கள்: 128 பிபிஎம் வேகத்தில் நிமிடத்துக்கு 128 அடிகள், 32 அளவுகள் நீளும் தொடக்கப் பகுதி என்றால் அதுவும் 128 அடிகள், அதாவது முழுதாக ஒரு நிமிடம். முதல் 30 நொடிகளிலேயே அடுத்ததற்குத் தாவுகிறவர் அந்த டிராக் பேசத் தொடங்குவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார். கவனிக்கப்படாமல் போன நல்ல டிராக்குகளில் பல இந்த அவசரத்தினாலேயே அப்படிப் போயின என்பது என் உறுதியான கருத்து.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. சபாவில் கச்சேரி கேட்கும்போது தொடையில் ஆதி தாளம் போட்டுப் பழகிய கையால் டெக்னோவையும் எண்ணலாம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்கள் இந்த இசையின் இரண்டு அளவுகளுக்குச் சரியாகப் பொருந்தும். லகுவின் தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் முதல் அளவு. இரண்டு திருதங்களும் இரண்டாவது அளவு. அப்படிப் போட்டுக்கொண்டே கேட்டால், நான்கு ஆவர்த்தனங்களுக்கு ஒருமுறையோ எட்டு ஆவர்த்தனங்களுக்கு ஒருமுறையோ ஏதேனும் ஒன்று சேர்வதும் ஒன்று விலகுவதும் தெரியவரும்: ஒரு ஹை-ஹாட் (சிறு ஜால்ரா போன்ற ஒலி) நுழையும், ஒரு ஸ்வரக்கோவை மறையும், கிக் நின்று மீண்டும் இறங்கும். எந்த ஆவர்த்தனத்தில் என்ன மாறுகிறது என்று நீங்கள் எதிர்பார்க்கத் தொடங்கிய பிறகுதான், எதிர்பார்ப்பை அழகாக ஏமாற்றும் டிராக்கையும் வழக்கத்தை மட்டும் நிறைவேற்றும் டிராக்கையும் பிரித்தறிய முடியும்.

எல்லா வகைகளுக்கும் இதே எண்ணிக்கை பொருந்தாது. டிரம் அண்ட் பேஸ் 170 முதல் 175 பிபிஎம் வரை ஓடுவது; அதைப் பாதி வேகத்தில் எண்ணுவது எளிது. சிகாகோவின் ஃபுட்வொர்க் என்ற வகை 160ஐ ஒட்டி ஓடும், அடிகள் இடம் மாறி மாறி விழும். தொடங்கும்போது ஹவுஸிலேயே சில வாரங்கள் எண்ணிப் பழகிவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

எது புதியது, எது கவனிக்கப்படாதது

பதிவேற்றிய நாளும் வெளியான நாளும் ஒன்றல்ல. பழைய வெளியீடுகள் புதிய மாஸ்டரிங்குடன் (இறுதி ஒலிச் செம்மையாக்கம்) மீண்டும் வருகின்றன. யாரோ ஒருவர் நேற்றுப் பதிவேற்றிய காணொளியில் இருப்பது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய டிராக்காக இருக்கலாம். ஆகவே ஒன்றைப் புதியது என்று சொல்வதற்கு முன் டிஸ்காக்ஸ் தளத்தில் அதன் வெளியீட்டு விவரத்தைச் சரிபாருங்கள். 2000ஆம் ஆண்டில் மின்னணு இசைக்கென மட்டும் தொடங்கப்பட்டுப் பின்னர் எல்லா இசைக்கும் விரிந்த தரவுத்தளம் அது. ஒவ்வொரு வெளியீட்டின் ஆண்டு, லேபிள் (வெளியீட்டகம்), வரிசை எண், பங்களித்தோர் பெயர்கள் ஆகியவை பயனர்களால் பதியப்பட்டுள்ளன.

கவனிக்கப்படாதது என்பதற்கு எண்ணிக்கை மட்டும் அளவுகோல் ஆகாது என்றாலும், எண்ணிக்கை ஓரளவு உதவும். ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத டிராக்குகளுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகை வழங்குவதில்லை. அந்தக் கோட்டுக்குக் கீழே கிடப்பவற்றில் பெரும்பகுதி கேட்கத் தகாதது என்பது உண்மைதான். ஆனால் நேர்த்தியாகச் செய்யப்பட்டு எவர் கண்ணிலும் படாமல் போனவையும் அங்கேதான் கிடக்கின்றன. டிஸ்காக்ஸில் இன்னொரு குறிப்பும் பயன்படும். ஒவ்வொரு வெளியீட்டையும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் வேண்டும் என்கிறார்கள் என்ற இரு எண்கள் அங்கே இருக்கும். வைத்திருப்போர் குறைவு, வேண்டுவோர் மிகுதி என்றால் அது ஏற்கெனவே சேகரிப்பாளர்களின் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு எண்களும் குறைவாக இருந்து, மதிப்பெண் மட்டும் உயர்ந்திருந்தால், அங்கே நின்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு படைப்பு எத்தனை காலம் கவனிப்பின்றிக் கிடக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான சான்று இருக்கிறது. பம்பாய்த் திரையிசையில் வாத்தியக் கலைஞராக இருந்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 பேஸ் கருவி, ஜூபிட்டர்-8 சிந்தசைசர் ஆகியவற்றைக் கொண்டு பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். எச்எம்வி அதை வெளியிட்டது, வாங்கியவர்கள் சொற்பம். சிகாகோவில் அதே டிபி-303இன் நெளியும் ஒலியை மையமாக வைத்து ஃபியூச்சர் குழுவினர் செய்த, ஆசிட் ஹவுஸ் வகைக்குப் பெயர் தந்த டிராக் வெளியானது 1987இல்தான். சரண்ஜித் சிங்கின் பதிவை 2010இல், இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்தின் பாம்பே கனெக்‌ஷன் லேபிள் மறுவெளியீடு செய்த பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. பழைய இசைத்தட்டைக் கையில் எடுத்து ஒலிக்கவிட்டு, இது என்ன என்று நின்று கேட்ட ஒருவரால் நடந்தது அது.

இந்தப் பதிவை நம்மூர் ரசிகர்களுக்குக் கொடுப்பது எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள மால்கௌன்ஸ் நமக்கு இந்தோளம், பூபாளி நமக்கு மோகனம், யமன் நமக்குக் கல்யாணி. டிசம்பர் சீசனில் ஒரு கச்சேரியையும் தவறவிடாத பெரியவர் வீட்டில் இருந்தால், மின்னணு நடன இசையை அவருக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

பெயர்களைப் பின்தொடருங்கள்

செயலிகள் தாமாக முன்வைக்கும் பட்டியல்கள், நீங்கள் ஏற்கெனவே கேட்டவற்றையும் உங்களைப் போன்றவர்கள் கேட்டவற்றையும் வைத்துக் கணக்கிடப்படுபவை. யாரும் கேட்காத ஒன்றை அவை எளிதில் கொண்டுவந்து தரமாட்டா. தேடுவதற்கு நான் உறுதியாகப் பரிந்துரைக்கும் வழி, மனிதர்களின் பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடப்பது.

உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெளியிட்ட லேபிள் எது என்று பாருங்கள். நடன இசையில் லேபிள் என்பது பெரும்பாலும் ஒருவரோ இருவரோ தம் ரசனையை மட்டும் நம்பி நடத்தும் சிறு வெளியீட்டகம்; அதன் பட்டியல் முழுவதும் ஒரே காதால் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் புகழ்பெற்ற இரண்டு மூன்று வெளியீடுகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு முன்னும் பின்னும் வந்த வரிசை எண்களைக் கேளுங்கள். அடுத்து அந்த டிராக்கை ரீமிக்ஸ் செய்தவர் யார், அவருடைய சொந்த வெளியீடுகள் எவை என்று பாருங்கள். இசைத்தட்டாக வந்திருந்தால் மறுபக்கத்து டிராக்கைக் கட்டாயம் கேளுங்கள். எல்லோரும் முதல் பக்கத்தோடு நின்றுவிடுவதால் மறுபக்கத்தில் துணிச்சலான முயற்சிகள் ஒதுங்கிக் கிடப்பது உண்டு. இப்படி மூன்று கண்ணிகள் தாண்டினால், எந்தச் செயலியும் உங்களுக்குக் காட்டியிராத ஒரு பெயரிடம் வந்து நிற்பீர்கள்.

இரண்டாவது வழி, மிக்ஸ்களின், அதாவது டிஜேக்கள் பல டிராக்குகளை இடைவிடாமல் இழைத்துத் தரும் தொகுப்புகளின், டிராக் பட்டியல். நல்ல டிஜே ஒருவரின் இரண்டு மணி நேர மிக்ஸில் பல டிராக்குகள் அவர் தேடி எடுத்தவையாக இருக்கும். பிபிசி ரேடியோ 1இல் 1993 முதல் ஒலிபரப்பாகும் எசென்ஷியல் மிக்ஸ், லண்டனில் 2011இல் தொடங்கிய என்டிஎஸ் இணைய வானொலி, தில்லியிலிருந்து இயங்கும் பாக்ஸ்அவுட் எஃப்எம் ஆகியவற்றில் தொடங்கலாம். பட்டியலில் சில இடங்களில் பெயருக்குப் பதிலாக ஐடி என்று மட்டும் இருக்கும். அது இன்னும் வெளியாகாத அல்லது அடையாளம் காணப்படாத டிராக். அந்த இடத்தின் நிமிடத்தைக் குறித்துவைத்துச் சில மாதங்கள் கழித்து மீண்டும் பாருங்கள். வெளியான அன்றே ஒன்றைப் பரிந்துரைக்க இதைப்போல் உதவும் வழி வேறில்லை.

மூன்றாவது, கலைஞர்களும் லேபிள்களும் தம் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம். அங்கே கலைஞர்கள் தம் டிராக்குகளுக்குத் தாமே வகைப் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்க்கிறார்கள். சென்னை என்ற ஊர்ப் பெயரையும் டெக்னோ அல்லது ஹவுஸ் என்ற வகைப் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். நம் நகரின் அறைகளுக்குள் இருந்துகொண்டு கணினியில் இசை செய்பவர்கள் சிலர் தென்படுவார்கள். கே.எம். இசைக் கல்லூரி 2008 முதல் இங்கே இயங்கிவருவதும், ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் கற்ற இளைஞர்கள் நகரில் பெருகியிருப்பதும் காரணமாக, இந்தத் தேடல் முன்பைவிட இப்போது பலன் தருகிறது. உள்ளூர்க்காரர் என்பதற்காகத் தரத்தில் சலுகை காட்ட வேண்டியதில்லை. அது அவருக்கும் மரியாதை ஆகாது.

மேற்கத்திய நகரங்களோடு தேடலை நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்பதையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். டப்பாங்குத்தின் திஸ்ர நடையில் ஊறிய காதுக்கு நான்கு நான்காக விழும் கிக் சலிப்பாகத் தோன்றலாம். அப்படிப்பட்டவருக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்க வழிவந்தோரிடமிருந்தும் வரும் நடன இசையை முதலில் கொடுக்க வேண்டும். தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் பிறந்த சிங்கேலி 200 பிபிஎம்மையும் தாண்டிப் பாய்வது. உகாண்டாவின் கம்பாலாவிலுள்ள நியேகே நியேகே டேப்ஸ் லேபிள் 2017இல் வெளியிட்ட தொகுப்பின் மூலமாகவே அது வெளியுலகை எட்டியது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக் குவோம் இசையில் கிக் சீராக விழாமல் மும்மூன்றாக இடறி விழும். லிஸ்பனின் புறநகர்களில் அங்கோலா வழிவந்த இளைஞர்கள் உருவாக்கிய பத்தீடாவை அந்நகரின் பிரின்சிப்பே லேபிள் வெளியிட்டு வருகிறது. சிகாகோவின் ஃபுட்வொர்க்கை உலகுக்குக் காட்டியதில் இங்கிலாந்தின் பிளானெட் மியூ லேபிள் 2010இல் வெளியிட்ட தொகுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தகைய தொகுப்புகள் புதியவருக்கு மிகச் சிறந்த தொடக்கம்: ஒரே தட்டில் பத்துப் பதினைந்து பெயர்கள் கிடைக்கும், ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே பின்தொடரலாம்.

சலித்தெடுங்கள்

ஒரு டிராக் முதல் முறை கேட்டவுடன் பிடித்துப்போவது அதைப் பரிந்துரைக்கப் போதுமான காரணம் அல்ல. முதல் நாள் ஹெட்போனில் முழுவதும் கேளுங்கள். சில நாள் இடைவெளி விட்டு, வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் ஒருமுறை ஓடவிடுங்கள். மூன்றாவது முறை, ஏற்கெனவே தெரிந்த இரண்டு நல்ல டிராக்குகளுக்கு நடுவில் வைத்துக் கேளுங்கள். அந்த இடத்தில் அது சோர்ந்து தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஒலியளவு குறைவாகத் தெரிவதை மட்டும் குறையாகக் கொள்ளாதீர்கள். சிறிய கலைஞர்கள் மாஸ்டரிங்கில் ஒலியைப் பிழிந்து உரக்கச் செய்யாமல் விடுவதுண்டு, அளவைக் கூட்டினால் அதே டிராக் விரிந்து கொடுக்கும்.

ஒரு குறிப்பேட்டிலோ கைப்பேசியிலோ சில விவரங்களை அன்றன்றே எழுதிவையுங்கள்: கலைஞர், டிராக், லேபிள், ஆண்டு, வேகம், எந்த நிமிடத்தில் எது நடக்கிறது, கேட்டபோது யாருடைய நினைவு வந்தது. கடைசி விவரத்தைப் பலர் எழுதுவதில்லை; பரிந்துரைக்கு அதுவே முதல் தேவை.

இப்போது இன்னொரு சோதனையும் அவசியமாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு கொண்டு மொத்தமாக உற்பத்தி செய்யப்பட்ட டிராக்குகள், இல்லாத கலைஞர்களின் பெயரில் செயலிகளில் ஏற்றப்படுகின்றன. ஒரே மாதத்தில் பல ஆல்பங்கள், லேபிள் இல்லை, மேடையில் வாசித்த தடயம் இல்லை, வேறு எந்தக் கலைஞரோடும் இணைந்து வேலை செய்த பதிவு இல்லை என்றால் ஐயம் கொள்ளுங்கள். பெயர்களைப் பின்தொடர்ந்து தேடி வந்தவருக்கு இந்த இடர் குறைவு, ஏனெனில் அவர் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார்.

பரிந்துரையை எழுதுங்கள்

வாட்ஸ்அப்பில் வெறும் இணைப்பை அனுப்பிவிட்டு, இதைக் கேளுங்கள், அருமை என்று எழுதுவது பெறுபவருக்கு ஒரு வேலையை மட்டுமே தருகிறது. அவர் ஏன் தம் ஏழு நிமிடங்களை இதற்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கு விடை அதில் இல்லை. மூன்று நான்கு வரிகளில் என்ன வகை, என்ன வேகம், எதைக் கவனிக்க வேண்டும், எந்த நிமிடம் வரை பொறுத்திருக்க வேண்டும், எதில் கேட்க வேண்டும் என்பவற்றைச் சொல்லிவிட வேண்டும். மாதிரிக்கு ஒன்று தருகிறேன்:

"இது 122 பிபிஎம்மில் நிதானமாகப் போகும் ஹவுஸ் டிராக். முதல் ஒன்றரை நிமிடம் தாளம் மட்டும்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நிமிடத்தில் பேஸ் நின்றுபோய் ஒரு ஆர்கன் மட்டும் தனியாக ஒலிக்கும். பேஸ் திரும்பி வரும் விதத்துக்காகத்தான் இதை அனுப்புகிறேன். ஹெட்போனில் கேளுங்கள். இரவில் வேலை முடித்து உட்காரும் நேரத்துக்குப் பொருத்தமானது."

இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். உலகத்தரம், வெறித்தனம், வேற லெவல் போன்றவை எல்லா டிராக்குக்கும் பொருந்துபவை. ஆகவே எந்த டிராக்கைப் பற்றியும் எதையும் சொல்லாதவை. புகழ்பெற்ற ஒருவரோடு ஒப்பிட்டுச் சொல்வதையும் கூடியவரை தவிர்த்துவிடலாம். கேட்பவர் அந்தப் பெரிய பெயரை எதிர்பார்த்து வந்து, கிடைக்காததால் ஏமாறுவார். எதைக் கேட்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்: கடைசி இரண்டு நிமிடங்கள் நீண்டுவிட்டன என்று நீங்களே சொல்லிவிட்டால், முந்தைய ஐந்து நிமிடங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை அவர் நம்புவார். இசை செய்தவர் உங்கள் நண்பர் அல்லது உறவினர் என்றால் அதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட வேண்டும். பணமோ சலுகையோ பெற்றுக்கொண்டு ஒரு டிராக்கை முன்வைப்பவரின் சொல் அதன்பிறகு விளம்பரமாகிவிடும். எவ்வளவு சிறிய தொகையானாலும் ஏற்காதீர்கள்.

யாருக்கு, எத்தனை

ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு டிராக். இருபது டிராக்குகள் கொண்ட பிளேலிஸ்டை அனுப்பினால், பெறுபவர் முதல் மூன்றைத் தட்டிப்பார்த்துவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவார். ஒன்றை மட்டும் அனுப்பினால் அது அவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது தெரியும்.

அவர் இப்போது எதைக் கேட்கிறார் என்பதிலிருந்து ஓரடி மட்டும் தள்ளி நில்லுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி அலுவலகம் ஒன்றில் வேலையில் கவனம் குவிக்க இசை கேட்கும் தோழிக்கு, குரல் இல்லாத, திடீர்த் திருப்பங்கள் இல்லாத டெக்னோ பொருந்தும். திருமண ஊர்வலத்தில் பறைக்கும் செண்டைக்கும் ஆடித்தீர்ப்பவருக்குச் சிங்கேலியைக் கொடுங்கள். 1980களின் தமிழ்த் திரையிசையில் சிந்தசைசர் ஒலிகளைக் கேட்டு வளர்ந்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் அதே காலத்து டிட்ராய்ட், சிகாகோ டிராக்குகளின் ஒலிநயம் வியப்பூட்டும் அளவுக்குப் பழக்கமானதாக இருக்கும், ஏனெனில் ஜப்பானிய நிறுவனங்கள் செய்த ஒரே தலைமுறைக் கருவிகள்தாம் இரு இடங்களிலும் ஒலித்தன. வயது முதிர்ந்தவர்களுக்கு இந்த இசை ஒத்துவராது என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள். தாளக் கணக்கில் தேர்ந்த ஒரு ரசிகர், நடனத்தளத்தில் நிற்கும் பலரைவிடக் கூர்மையாக இதைக் கேட்பார்.

பணம் கலைஞருக்குப் போகட்டும்

கவனிக்கப்படாத ஒருவரின் இசையைப் பரப்புகிறோம் என்றால், அவருக்குப் பணம் போய்ச் சேரும் இணைப்பைத்தான் அனுப்ப வேண்டும். வேறொருவர் பதிவேற்றிய யூடியூப் இணைப்பைத் தவிர்த்து, கலைஞரின் அல்லது லேபிளின் பேண்ட்கேம்ப் பக்கத்தைக் கொடுங்கள். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 விழுக்காடு. பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கப்படும் நாள்களில் அந்தப் பங்கையும் அது எடுத்துக்கொள்வதில்லை. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய வழக்கம் இது. வாங்க நினைப்பவற்றைச் சேர்த்துவைத்து அந்நாளில் வாங்கலாம்.

சென்னையிலிருந்து முதல் முறை வாங்குபவர்கள் பலர் பணம் செலுத்தும் இடத்தில் தடுக்கி நின்று, தளத்தில்தான் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாக வழங்கப்படும் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்ட நிலையிலேயே வரும். உங்கள் வங்கிச் செயலியில் அட்டை அமைப்புகளுக்குச் சென்று, வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை அனுமதித்து, சிறிய உச்சவரம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, வாங்கி முடித்ததும் மீண்டும் முடக்கிவிடுங்கள். விலையோடு அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணமும் அதன்மேல் வரியும் சேரும் என்பதால், ஒவ்வொரு டிராக்காக வாங்குவதைவிட முழு ஆல்பமாக வாங்குவது கணக்குக்கு ஒத்துவரும். பதிவிறக்கும்போது ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவையுங்கள். கைப்பேசியில் இடம் போதாவிட்டால் அதிலிருந்து எம்பி3ஆக மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும்போது கலைஞருக்கு ஒரு வரி எழுதும் வசதி பேண்ட்கேம்ப்பில் உண்டு. சென்னையிலிருந்து எழுதுகிறேன், இன்ன நிமிடத்தில் நீங்கள் செய்ததைக் கேட்டு வாங்கினேன் என்று எழுதுங்கள். பலர் பதில் எழுதுகிறார்கள். அந்தப் பதிலில் தாங்கள் மதிக்கும் வேறு கலைஞர்களின் பெயர்களைச் சொல்வதும் உண்டு, உங்கள் அடுத்த தேடலை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரு டிராக்கைக் கொடுத்த பிறகு ஒரு வாரம் விட்டு, பிடித்ததா என்று கேட்காமல், எந்த இடம் நினைவில் நிற்கிறது என்று கேளுங்கள். பிடித்தது என்ற ஒரு சொல்லைவிட, அந்த ஆர்கன் தனியாக வந்த இடம் என்ற பதில் அடுத்து எதைக் கொடுக்கலாம் என்பதைத் தெளிவாகக் காட்டும். ஒன்றும் நினைவில் இல்லை என்றால் வற்புறுத்தாமல், அவருடைய பெயருக்கு நேரே அதைக் குறித்துவைத்துக்கொண்டு, வேகத்தையோ வகையையோ மாற்றி வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பேட்டைப் பிரித்து, கொடுத்தவற்றின் இணைப்புகள் இன்னும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். சிறிய லேபிள்கள் மூடப்பட்டால் அவற்றின் பக்கங்களும் மறைந்துவிடும், அப்போது நீங்கள் வாங்கிச் சேமித்த பிரதியும், அதன் பக்கத்தில் எழுதிய ஆண்டும் வரிசை எண்ணும் பிறருக்குப் பயன்படும்.